அலாஸ்கா கப்பல்: சியாட்டிலா, வான்கூவரா, ஒருவழியா?

கோடையில் ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் எங்கே கூட்டிக்கொண்டு போவது என்ற பேச்சில், நயாகராவும் டிஸ்னியும் முடிந்த வீடுகளில் அடுத்து வருவது அலாஸ்கா கப்பல்தான். தினம் ஒரு ஓட்டல் மாற வேண்டாம், பெட்டியை ஒருமுறை பிரித்து வைத்தால் போதும், ஏழு நாளும் வேளாவேளைக்குச் சாப்பாடு தயார். முட்டிவலி உள்ள பாட்டியும் ஓடியாடும் பேரனும் ஒரே பயணத்தில் சந்தோஷமாக இருக்க முடிகிற இடம் அமெரிக்காவில் எனக்குத் தெரிந்து இதைப் போல வேறு இல்லை. அதனால் இந்தப் பயணத்தை நன்றாக அமைத்துக்கொள்ள வேண்டும் என்று மனதாரச் சொல்கிறேன்.

ஆனால் டிக்கெட் போட உட்காரும்போது பெரும்பாலோர் கப்பலைத்தான் ஒப்பிடுகிறார்கள். எதில் கோ-கார்ட் ஓட்டலாம், எதில் நீர்ச்சறுக்கு இருக்கிறது, எதில் உணவகம் அதிகம் என்று. கரீபியன் பக்கம் போவதென்றால் அது சரியான கேள்வி. அலாஸ்காவுக்கு அது இரண்டாவது கேள்வி. எந்த ஊரிலிருந்து கப்பல் ஏறுகிறோம், அது எந்தத் தண்ணீர் வழியாகப் போகிறது, எந்தப் பனியாற்றின் (கிளேசியர்) முன்னால் போய் நிற்கிறது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். கப்பல் அதற்குப் பிறகு தானாக அமைந்துவிடும்.

வழிகள் மூன்று. சியாட்டிலில் ஏறி சியாட்டிலிலேயே இறங்குவது. கனடாவின் வான்கூவரில் ஏறி வான்கூவரிலேயே இறங்குவது. வான்கூவரில் ஏறி, வடக்கே ஆங்கரேஜ் அருகில் உள்ள விட்டியர் அல்லது சீவர்ட் துறைமுகத்தில் இறங்குவது, அல்லது அதையே தலைகீழாகச் செய்வது. சான் பிரான்சிஸ்கோவிலிருந்தும் சில கப்பல்கள் போகின்றன. அவை 10 நாளோ அதற்கு மேலோ எடுக்கும், கடலிலேயே கழியும் நாட்களும் அதிகம், அதனால் அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

கனடா விசா: எல்லா வழியிலும் வரும்

பலர் சியாட்டிலைத் தேர்ந்தெடுக்கக் காரணம் ஒன்றுதான்: அமெரிக்காவில் ஏறி அமெரிக்காவில் இறங்கினால் கனடா விசா வேண்டியதில்லை என்ற எண்ணம். இது தவறு. இந்தத் தவறால் துறைமுகத்திலிருந்தே திரும்பிப் போகும் குடும்பங்கள் உண்டு.

காரணம் ஒரு பழைய சட்டம். வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல், நடுவில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொடாமல் அமெரிக்க ஊர்களுக்கு இடையில் பயணிகளை ஏற்றி இறக்கக் கூடாது என்று 1886-ல் அமெரிக்கா சட்டம் போட்டது. பெரிய கப்பல்கள் பெரும்பாலும் பஹாமாஸ், பனாமா, பெர்முடா, நெதர்லாந்து என்று வெளிநாட்டில் பதிவானவை. அதனால்தான் சியாட்டில் கப்பல்கள் திரும்பும் வழியில், பெரும்பாலும் கடைசி நாள் மாலையில், கனடாவின் விக்டோரியாவில் சில மணி நேரம் நிற்கின்றன. கோவிட் காலத்தில் கனடா துறைமுகங்களை மூடியபோது, 2021-ல் அமெரிக்க நாடாளுமன்றம் தற்காலிக விலக்குச் சட்டம் கொண்டுவந்த பிறகுதான் பெரிய கப்பல்கள் மறுபடி அலாஸ்கா போக முடிந்தது. அவ்வளவு பிடிப்பான சட்டம். சியாட்டிலிலிருந்து விட்டியருக்கு ஒருவழிப் பயணம் விற்கப்படாததற்கும் இதுவே காரணம்: ஏறும் ஊரும் இறங்கும் ஊரும் வேறானால் பக்கத்தில் உள்ள கனடாவைத் தொடுவது போதாது.

நமக்கு இதன் பொருள் என்ன? இந்தியப் பாஸ்போர்ட்டில் வரும் பெற்றோருக்கு சியாட்டில் வழியிலும் கனடா விசிட்டர் விசா வேண்டும். விக்டோரியாவில் இறங்காமல் அறையிலேயே இருந்துவிடுகிறோம் என்று சொல்லிப் பயனில்லை. ஏறும்போதே கேட்பார்கள். எச்1பி விசாவில் இருக்கும் நீங்களும் இந்தியப் பாஸ்போர்ட்டென்றால் அதே கணக்குதான். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு மட்டும் கனடா விசா தேவையில்லை. கார்டும் செல்லுபடியாகும் பாஸ்போர்ட்டும் கையில் இருந்தால் போதும்.

ஆக, விசா என்ற காரணத்தைத் தட்டில் இருந்தே எடுத்துவிடுங்கள். மூன்று வழிக்கும் அது பொது. எடுத்த பிறகு பார்த்தால் சியாட்டிலுக்குச் சாதகமாக மிச்சம் இருப்பது விமான டிக்கெட்டும் கப்பலின் அளவும்தான்.

சியாட்டில் வழி

இந்த இரண்டும் சின்ன விஷயமில்லை. நியூ ஜெர்சியிலிருந்தோ டல்லஸிலிருந்தோ நாலைந்து பேர் வருவதானால் சியாட்டிலுக்கு உள்நாட்டு விமானம் மலிவாகக் கிடைக்கும், நேரடி விமானங்களும் அதிகம். போகும்போது பெற்றோரை இமிக்ரேஷன் வரிசையில் நிறுத்த வேண்டியதில்லை. மிகப் பெரிய கப்பல்களும் இங்கிருந்துதான் கிளம்புகின்றன. வான்கூவர் துறைமுகத்துக்குப் போக லயன்ஸ் கேட் பாலத்தின் அடியில் நுழைய வேண்டும். 1938-ல் திறந்த பாலம், தண்ணீருக்கு மேல் சுமார் 61 மீட்டர்தான் இடைவெளி. அதைவிட உயரமான கப்பல் உள்ளேயே போக முடியாது. பிள்ளைகளுக்குச் சறுக்கு, கார் பந்தயம், பெரிய நாடக அரங்கு எல்லாம் வேண்டுமென்றால் சியாட்டிலில் தேர்வு அதிகம்.

குறை எங்கே என்றால், தண்ணீரில். சியாட்டில் கப்பல்கள் ஹுவான் டி ஃபூகா ஜலசந்தி வழியாக வெளியேறி, வான்கூவர் தீவுக்கு மேற்கே பசிபிக்கின் திறந்த கடலில் வடக்கே போகின்றன. அந்தத் தீவு 450 கிலோமீட்டருக்கும் மேல் நீளம். அதாவது கிளம்பிய மறுநாள் முழுக்க உங்கள் பால்கனிக்கு வெளியே வெறும் சாம்பல் நிறக் கடல். திரும்பும்போது இன்னொரு முறை. கடல் அமைதியாக இருந்தால் ஒன்றும் தெரியாது. கொந்தளித்தால் முதல் நாளே அம்மா படுத்துவிடுவார், சாப்பாட்டு வாசனையே பிடிக்காது. அதுவும் சிலருக்குத்தான் என்றாலும், வயதானவர்களுக்கு முதல் நாளே இப்படி ஆனால் மீதி நாட்கள் பயத்திலேயே போகும்.

இன்னொன்று, விக்டோரியா. அழகான ஊர், புச்சார்ட் தோட்டம் உலகப் புகழ் பெற்றது. ஆனால் ராத்திரி எட்டு மணிக்குப் போய்ச் சேர்ந்து பன்னிரண்டுக்குள் கிளம்புகிற கப்பலில் வந்து அதை என்ன பார்க்க முடியும்? மாலை ஐந்தாறு மணிக்கே சேரும் பயணமா என்று அட்டவணையில் பாருங்கள். இல்லையென்றால் அந்த நிறுத்தத்தை ஒரு ஊராகவே கணக்கில் சேர்க்காதீர்கள்.

வான்கூவர் வழி

என் வோட்டு இதற்குத்தான்.

வான்கூவரிலிருந்து போகும் கப்பல்கள் பெரும்பாலும் வான்கூவர் தீவுக்கும் கனடா நிலப்பரப்புக்கும் நடுவில் உள்ள உள்வழியில் போகின்றன. இரண்டு பக்கமும் கரை. ஊசியிலைக் காடு தண்ணீர் வரை இறங்கி நிற்கும், அதற்கு மேல் மேகம், மேகத்துக்கு மேல் பனி மூடிய உச்சி. காற்றைத் தீவு தடுத்துவிடுவதால் தண்ணீர் ஏரி போல இருக்கும். குவீன் சார்லட் சவுண்ட் என்ற பகுதியில் சில மணி நேரம் மட்டும் திறந்த கடல் வரும், அவ்வளவுதான்.

வழியில் சீமோர் நேரோஸ் என்று ஒரு குறுகலான இடம் உண்டு. ஓதம் ஏறி இறங்கும்போது நீரோட்டம் 15 நாட், அதாவது மணிக்குச் சுமார் 28 கிலோமீட்டர் வேகம் வரை போகும். அதன் நடுவில் நீருக்கடியில் ஒரு பாறை இருந்து நூற்றுக்கும் மேற்பட்ட படகுகளையும் கப்பல்களையும் பதம் பார்த்தது. கனடா அரசு அடியில் சுரங்கம் தோண்டி வெடிமருந்து நிரப்பி 1958 ஏப்ரல் 5-ஆம் தேதி அதன் தலையைத் தகர்த்தது. இன்றும் நீரோட்டம் அடங்கும் நேரம் பார்த்துத்தான் பெரிய கப்பல்கள் அதைக் கடக்கின்றன. அந்த நேரத்தில் தூங்கிவிடாமல் மேல் தளத்துக்குப் போங்கள். கரை அத்தனை பக்கத்தில் நகரும். அடுத்து வரும் ஜான்ஸ்டன் ஜலசந்தி ஓர்கா திமிங்கலங்களுக்குப் பேர் போனது. அங்கே ஒரு விடிகாலையில் கறுப்பு முதுகுத்துடுப்பு ஒன்று தண்ணீரைக் கிழித்துக்கொண்டு எழுந்ததை நான் பால்கனியிலிருந்து பார்த்தேன். தனியாகக் காசு கட்டிப் போகிற திமிங்கலப் படகு எதிலும் எனக்கு அந்தச் சிலிர்ப்பு வரவில்லை.

போய்ச் சேருவதும் சிரமமில்லை. கப்பல் நிற்கும் கனடா பிளேஸ் ஊரின் நடுவிலேயே இருக்கிறது. விமான நிலையத்திலிருந்து கனடா லைன் ரயில் ஏறினால் அரை மணிக்குள் வாட்டர்ஃப்ரண்ட் நிலையம், அங்கிருந்து நடக்கிற தூரம். சியாட்டிலில் இருப்பவர்கள் ஆம்ட்ராக் ரயிலில் சுமார் நாலு மணி நேரத்தில் வந்துவிடலாம். அமெரிக்க இமிக்ரேஷனை கனடா பிளேஸிலேயே முடித்துத்தான் கப்பலில் ஏற்றுகிறார்கள். ஒரே நாளில் இரண்டு மூன்று கப்பல்கள் கிளம்பும்போது அந்த வரிசை நீளும், பெரியவர்களுக்கு வீல்சேர் வேண்டுமென்று முன்கூட்டியே கப்பல் நிறுவனத்திடம் சொல்லிவையுங்கள். வேண்டியதில்லை என்று அப்பா மறுப்பார். சொல்லிவையுங்கள்.

குறை, விமானச் செலவு. அமெரிக்காவிலிருந்து வான்கூவர் டிக்கெட் பல சமயம் சியாட்டிலைவிட விலை கூடும். சியாட்டிலுக்குப் பறந்து, அங்கிருந்து ரயிலிலோ பஸ்ஸிலோ போனால் அந்த வித்தியாசத்தைக் குறைக்கலாம். ஆனால் அதே நாளில் கப்பல் ஏறும்படி வைக்காதீர்கள். எல்லையில் தாமதமானால் கப்பல் காத்திருக்காது. எந்த வழியானாலும் முந்தின நாளே ஊர் போய்ச் சேர்ந்துவிடுவது நல்லது.

ஒருவழி யாருக்கு

அலாஸ்காவின் உள்நிலத்தையும் பார்க்க வேண்டும், லீவும் இருக்கிறது, பணமும் இருக்கிறது என்பவர்களுக்கு இதுவே சிறந்தது. ஒரு வாரம் கடலில், பிறகு நாலைந்து நாள் நிலத்தில். பிரின்சஸ், ஹாலண்ட் அமெரிக்கா இரண்டு கப்பல் நிறுவனங்களும் டெனாலி சிகரமும் தேசியப் பூங்காவும் உள்ள பக்கம் சொந்த விடுதிகளும் கண்ணாடிக் கூரை ரயில் பெட்டிகளும் வைத்திருக்கின்றன. பெட்டி படுக்கையைக்கூட அவர்களே விடுதிக்குக் கொண்டுவந்து சேர்ப்பார்கள்.

ஆனால் மூன்று விஷயங்களை யோசியுங்கள். ஏறும் ஊர் ஒன்று, இறங்கும் ஊர் வேறு என்பதால் விமானச் செலவு கூடும். விட்டியரும் சீவர்ட்டும் ஆங்கரேஜ் இல்லை. விட்டியரிலிருந்து ஆங்கரேஜ் சுமார் 60 மைல், ரயிலும் காரும் மாறி மாறிப் போகும் ஒற்றைவழிச் சுரங்கம் ஒன்றைத் தாண்ட வேண்டும். சீவர்ட்டிலிருந்து சுமார் 125 மைல். இறங்கிய அன்று மதியமே விமானம் வைத்துக்கொண்டால் நெஞ்சு படபடக்கும். கடைசியாக, அலாஸ்கா வளைகுடாவைக் கடக்கும் பகுதி திறந்த கடல், அங்கேயும் ஆட்டம் இருக்கும்.

டெனாலிக்காகவே போகிறீர்களென்றால் இன்னொரு செய்தி. பூங்காவுக்குள் போகும் 92 மைல் சாலை, மலைச்சரிவு காரணமாக 2021 ஆகஸ்டில் 43-ஆம் மைலில் அடைக்கப்பட்டது. அங்கே பாலம் கட்டும் வேலை நடந்துவருகிறது. நீங்கள் போகும் கோடையில் பஸ் எதுவரை போகிறது என்று பூங்காவின் தளத்தில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். சிகரமும் மேகத்துக்குள் ஒளிந்துகொள்ளும் சுபாவம் உள்ளது. அங்கே போகிறவர்களில் மூன்றில் ஒருவருக்குத்தான் முழுதாகத் தெரியும் என்று அங்குள்ளவர்களே சொல்கிறார்கள். ஒரே ஒரு இரவு தங்கிவிட்டு வருவதற்கு அவ்வளவு தூரம் பெரியவர்களை அலைக்கழிக்க வேண்டாம் என்பது என் கருத்து.

எந்தப் பனியாறு

இதுதான் பயணத்தின் உயிர். இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

விளம்பரங்களில் எல்லாவற்றுக்கும் "பனியாறு தரிசனம்" என்றே போட்டிருக்கும். ஆனால் கிளேசியர் பே, ஹபர்ட், எண்டிகாட் ஆர்ம், ட்ரேசி ஆர்ம் நான்கும் நான்கு விதம்.

கிளேசியர் பே தேசியப் பூங்கா. ஒரு நாளைக்கு இரண்டு பெரிய கப்பல்களுக்கு மேல் உள்ளே விடுவதில்லை. பிரின்சஸ், ஹாலண்ட் அமெரிக்கா இரண்டும் அதிகமாகப் போகின்றன, நார்வீஜியன் கப்பல்கள் சிலவும் போகும். காலையில் வாயில் பக்கம் ஒரு சிறு படகில் பூங்கா ரேஞ்சர்கள் வந்து, ஓடிக்கொண்டிருக்கும் கப்பலில் ஏணி வழியாக ஏறிக்கொள்கிறார்கள். அதற்குப் பிறகு மாலை வரை அவர்கள் ஒலிபெருக்கியில் சொல்லும் விவரங்கள்தான். 1794-ல் ஜார்ஜ் வான்கூவரின் குழு வந்தபோது அந்த விரிகுடா பெரும்பகுதி பனிக்குள் இருந்தது, வாயிலிலேயே பனிச்சுவர். 1879-ல் ஜான் மியூர் வந்தபோது பனி 40 மைலுக்கு மேல் பின்வாங்கியிருந்தது. பனி முன்னேறி வந்த காலத்தில் ஊரையே விட்டு வெளியேறிய ஹூனா ட்லிங்கிட் மக்களின் பூர்வீக நிலம் அது. இந்தக் கதை தெரிந்த பிறகு, கப்பல் மணிக்கணக்காக உள்ளே போய்க்கொண்டே இருக்கும்போது, ஒரு நூறு வருஷத்துக்கு முன்னால் இந்த இடம் எப்படி இருந்தது என்று அப்பா ஒவ்வொரு வளைவிலும் கேட்டுக்கொண்டே வந்தார்.

கடைசியில் மார்ஜரி பனியாற்றின் முன்னால் கப்பல் நிற்கும். எஞ்சின் சத்தம் அடங்கும். அந்த அமைதியில் பனிக்குள்ளிருந்து நொறுங்கும் ஓசை கேட்டுக்கொண்டே இருக்கும். ஒரு துண்டு உடைந்து விழுந்தால் முதலில் கண்ணுக்குத் தெரிவது வெள்ளைப் பொடி. துண்டு தண்ணீரைத் தொட்ட பிறகுதான் இடி போன்ற சத்தம் வந்து சேருகிறது. சத்தம் கேட்டுத் திரும்பினால் பாதி காட்சி போய்விடும், அதனால் விழக்கூடிய முகப்பின் மேலேயே கண்ணை வைத்திருங்கள். கப்பல் மெதுவாக முழு வட்டம் திரும்பும் என்பதால் இந்தப் பக்கம் அறை, அந்தப் பக்கம் அறை என்ற கவலை வேண்டாம்.

ஹபர்ட் அளவில் பெரியது, சுமார் 76 மைல் நீளம், முகப்பு மட்டும் 6 மைல் அகலம். வட அமெரிக்காவில் கடலில் வந்து முடியும் பனியாறுகளில் இதுவே மிகப் பெரியது. மற்றவை சுருங்கிக்கொண்டிருக்க இது முன்னேறுகிறது. 1986-லும் 2002-லும் பக்கத்து ஃபியோர்டின் (பாறைச் சுவர்களுக்கு நடுவே நீளும் குறுகிய கடற்கால்) வாயையே அடைத்துவிட்டது. பார்த்தால் மலைப்பாக இருக்கும். ஆனால் விரிகுடாவில் மிதக்கும் பனி அதிகமானால் கப்பல் தள்ளியே நிற்க வேண்டிவரும், அது அன்றைய அதிர்ஷ்டம்.

எண்டிகாட் ஆர்ம் குறுகிய ஃபியோர்டு, முடிவில் டாஸ் பனியாறு. செங்குத்துப் பாறைச் சுவர்களும் அருவிகளும் அழகு, பனித்துண்டுகளின் மேல் சீல்கள் படுத்திருக்கும். சியாட்டில் பயணங்களில் இது அதிகம் வருகிறது. அதன் பக்கத்தில் உள்ள ட்ரேசி ஆர்மில் 2025 ஆகஸ்டில் பெரிய மலைச்சரிவு நேர்ந்து பேரலை எழும்பியது. உங்கள் பயணத் திட்டத்தில் ட்ரேசி ஆர்ம் என்று இருந்தால், அந்த ஆண்டில் உண்மையில் எங்கே போகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் பெற்றோரை அழைத்துப் போகப்போகிறோமென்றால், நான் கிளேசியர் பே உள்ள பயணத்தைத்தான் எடுப்பேன். அதற்காகக் கொஞ்சம் பழைய, சின்னக் கப்பலானாலும் பரவாயில்லை.

அறை, மாதம், சாப்பாடு

கரீபியனில் உள்ளறை எடுத்துப் பணம் மிச்சம் பிடிக்கலாம், நாளெல்லாம் வெளியேதான் இருப்போம். அலாஸ்காவில் பெரியவர்களோடு போனால் பால்கனி அறைக்குக் கொடுக்கும் காசு வீண் போகாது. மேல் தளத்தில் காற்று ஊசியாகக் குத்தும். பால்கனியில் அம்மா மங்கி குல்லாவும் கம்பளியுமாக உட்கார்ந்து, குளிர் தாங்காவிட்டால் உள்ளே வந்து கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டார். இரண்டு அறை எடுப்பதானால் பெற்றோருக்குப் பால்கனி, எதிரே உங்களுக்கு உள்ளறை. நல்ல ஏற்பாடு இது. ஒருவழியில் வடக்கே போகும்போது வலதுபக்கம் கரை அதிகம் தெரியும், தெற்கே வரும்போது இடதுபக்கம். போய்த் திரும்பும் பயணத்தில் எந்தப் பக்கமும் ஒன்றே. தலைசுற்றல் உள்ளவர்களுக்குக் கப்பலின் நடுவில், கீழ்த்தளத்தில் அறை போடுங்கள், ஆட்டம் அங்கேதான் குறைவு. மாத்திரை விஷயத்தை ஊரிலேயே அவர்களுடைய டாக்டரிடம் கேட்டு வாங்கி வரச் சொல்லுங்கள், பிரஷர் மாத்திரையோடு சேருமா என்று அவருக்குத்தான் தெரியும்.

கப்பல்கள் ஏப்ரல் கடைசியிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரை ஓடுகின்றன. மே மாதம் மழை குறைவு, மலைகளில் பனி நிறைய, விலையும் குறைவு. ஜூன், ஜூலையில் பகல் நீளம். அலாஸ்காவின் தலைநகரான ஜூனோவில் ஜூன் கடைசியில் சூரியன் 18 மணி நேரத்துக்கு மேல் இருக்கும். ஆகஸ்டில் சால்மன் மீன்கள் ஓடையேறும், அவற்றைத் தேடிக் கரடிகள் வரும், மழையும் கூடும். கெட்சிகன் ஊரில் ஆண்டுக்குச் சுமார் 150 அங்குல மழை, சென்னையைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல். குடை அங்கே காற்றுக்கு நிற்காது, தலைமூடி உள்ள மழைக்கோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிப் பிள்ளைகள் இல்லாத குடும்பம் என்றால் நான் மே கடைசி வாரம் என்பேன்.

சாப்பாடு பற்றித்தான் எல்லாத் தொலைபேசியிலும் முதல் கேள்வி வருகிறது. பெரிய கப்பல்கள் எல்லாவற்றிலும் சைவம் கிடைக்கும், இந்தியச் சைவம் வேண்டுமென்று முன்பதிவின்போதே எழுதிவைக்கலாம். முதல் நாள் இரவு பெரிய உணவுக்கூடத்தில் தலைமைப் பரிமாறுபவரைப் பார்த்துப் பேசிவிடுங்கள். இந்தியர்கள் நிறையப் பேர் அந்த வேலையில் இருக்கிறார்கள். நாளைக்கு என்ன வேண்டும் என்று முந்தின இரவே கேட்டுச் செய்து தருவார்கள். பருப்பு, சப்ஜி, ரொட்டி வகையறா நன்றாகவே வரும். சாம்பார் எதிர்பார்க்க வேண்டாம். பஃபேயில் வெறும் சாதமும் தயிரும் எப்போதும் இருக்கும், ஊறுகாய் பொட்டலம் ஒன்று கையில் இருந்தால் அப்பாவின் ராத்திரிச் சாப்பாடு முடிந்தது. கடையில் வாங்கிய, பிரிக்காத பொட்டலங்களைக் கப்பலில் அனுமதிப்பார்கள். வீட்டில் செய்த புளியோதரை, கெட்டில், குக்கர் இவற்றை எடுத்துவிடுவார்கள்.

செலவில் டிக்கெட் மட்டும் கணக்கில்லை. டிப்ஸ் என்று தலைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 16 முதல் 20 டாலர் வரை தானாகவே பில்லில் ஏறும், ஐந்து பேர் குடும்பத்துக்கு ஒரு வாரத்தில் அது பெரிய தொகை. ஊர்சுற்றலுக்குத் தனிச் செலவு. ஜூனோவில் திமிங்கலப் படகுக்கும், ஸ்காக்வேயில் ஒயிட் பாஸ் ரயிலுக்கும் கொடுப்பதை நான் தடுக்கமாட்டேன். தங்கம் தேடி வந்தவர்களுக்காக 1898-ல் தொடங்கி 1900-ல் முடித்த குறுகிய பாதை ரயில் அது. சுமார் 20 மைலில் கிட்டத்தட்ட 3000 அடி ஏறுகிறது, ஏறும்போது இடதுபக்கம் உட்காருங்கள். நடக்க முடியாதவர்களுக்கு இதைவிட நல்ல மலைப்பயணம் கிடைக்காது. வேறு ஊர்களில் கப்பலை விட்டு இறங்கிச் சும்மா நடந்தாலே போதும். வெளி ஆட்களிடம் சுற்றுலா எடுத்தால் விலை குறைவு, ஆனால் தாமதமானால் கப்பல் உங்களுக்காக நிற்காது. கப்பலிலேயே எடுத்த சுற்றுலா என்றால் அதற்கு மட்டும் காத்திருக்கும். பெற்றோரின் பயணக் காப்பீட்டில் கப்பலிலிருந்து மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் செலவு சேர்ந்திருக்கிறதா என்று கண்டிப்பாகப் பாருங்கள். அமெரிக்கா வந்ததற்கு எடுத்த விசிட்டர் இன்ஷூரன்ஸ் கனடா நீர்ப்பரப்பிலும் செல்லுமா என்றும் கேளுங்கள்.

கனடா விசா கிடைக்காவிட்டால்

பயணத்தையே கைவிட வேண்டியதில்லை. ஜூனோவுக்கும் கெட்சிகனுக்கும் சியாட்டிலிலிருந்து நேரடி விமானம் உண்டு. ஜூனோவில் மூன்று இரவு தங்கி, மெண்டன்ஹால் பனியாறு, திமிங்கலப் படகு, எண்டிகாட் ஆர்முக்குப் போகும் சிறுபடகு என்று பார்த்தால், கப்பலில் வந்தவர்கள் பார்ப்பதில் பெரும்பகுதியைப் பார்த்துவிடலாம். அமெரிக்கக் கொடியுள்ள சிறு கப்பல்கள் ஜூனோ, சிட்கா போன்ற ஊர்களிலேயே கிளம்பி அலாஸ்காவுக்குள்ளேயே சுற்றுகின்றன. அவற்றுக்குக் கனடா தேவையில்லை, விலைதான் அதிகம்.

இளைஞர்களாக இருந்தால் அலாஸ்கா மாநில அரசே நடத்தும் ஃபெரியைப் பாருங்கள். சியாட்டிலுக்கு வடக்கே பெல்லிங்ஹாமில் கிளம்பி, கனடாவில் நிற்காமல், அதே உள்வழியில் சுமார் 38 மணி நேரத்தில் கெட்சிகன் போய்ச் சேருகிறது. அறை எடுக்காதவர்கள் மேல்தளத்தில் கூடாரம் அடித்துத் தூங்குகிறார்கள். பெரியவர்களுக்கு அது சரிப்படாது, அவர்களுக்கு ஜூனோ விமானம்தான்.

விசாவுக்கு முயல்கிறவர்கள் கப்பல் டிக்கெட்டுக்கு முன்னால் அதைத் தொடங்குங்கள். பெற்றோர் முன்பே கனடாவுக்குக் கைரேகை கொடுத்திருந்தால் அது 10 ஆண்டுக்குச் செல்லும், மறுபடி அலைய வேண்டாம். கப்பல் டிக்கெட்டில் முன்பணம் திருப்பித் தரப்படும் வகையைத் தேர்ந்தெடுங்கள். முழுப்பணமும் கட்ட வேண்டிய நாள் பெரும்பாலும் பயணத்துக்கு மூன்று மாதம் முன்னால் வரும். அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்துவைத்து, அதற்குள் விசா கைக்கு வராவிட்டால் ரத்து செய்து பணத்தை வாங்கிவிட்டு ஜூனோவுக்கு விமானம் போடுங்கள்.